சாவியோடு நின்ற வண்டி

செயின்ட் ஓனெசிம், மெயின்
6 அக்டோபர் 1993, புதன்கிழமை

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய ஜெர்மேன் அத்தை அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் ஜோசெட் எழுதுவது. இங்கே நான், அப்பா, நாய், இந்த வருஷத்துக் கிழங்கு எல்லோரும் சௌக்கியம். ஈவெட் அக்காவின் பிரசவத்துக்காகப் போயிருக்கும் பாஸ்டனில் தாங்களும் அக்காவும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொருந்தும்படி மஞ்சளில் ஒரு தொப்பி பின்னி வருகிறேன். தலையின் அளவு தெரிந்ததும் எழுதவும்.

கடிதத்தின் நோக்கத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கட்டுரை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது ஏற்கெனவே இரண்டாவது பத்தி. ஆகையால் உடனே சொல்லிவிடுகிறேன். போர்ட்லண்டில் தங்கள் வீட்டில் எனக்காக வைத்திருக்கும் பின்னறையைத் தாங்கள் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அறுவடை விடுமுறை முடிந்து வருவாள் என்று சொல்லி, பன்னிரண்டாம் தேதி வரை பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அதையும் விட்டுவிடலாம். ஐந்து மாடி நூலகத்தை நான் வெளியிலிருந்து பார்த்துவிட்டேன். ஜன்னல்களை எண்ணினேன், எழுபத்திரண்டு இருந்தன. அது போதும்.

நிபந்தனை தங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் தாங்களே கேட்டு "சரி" என்றீர்கள். இருந்தாலும் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு நாள் அந்த ஊரையும் கடலையும் நான் பார்ப்பேன். அந்த ரெண்டு நாள்ல நம்ம சாமான் ஒண்ணுகூட திருட்டுப் போகக் கூடாது. ஒருத்தர்கூட நம்மகிட்ட மரியாதை இல்லாம பேசக் கூடாது. அதுக்கப்புறம் உன்னை அனுப்புறேன்." நாற்பத்தாறு வயதுக்குள் அப்பா மாவட்டத்தைத் தாண்டியது மூன்றே தடவை. இரண்டு தடவை டிராக்டர் வாங்க, ஒரு தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது அவர் தனியாக வந்தார். அதனால் தெற்குத் திசைமேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை நான் புரிந்துகொள்கிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். டிரக்கின் பின்னால் பன்னிரண்டு மூட்டை கிழங்கு. எதற்கு என்று கேட்டேன். "வெறுங்கையோட யாராவது வெளியூருக்குப் போவாங்களா?" என்றார் அப்பா. திருடர்களுக்குப் பயந்து பர்ஸைச் சட்டையின் உட்புறம் வைத்து முந்தின நாளே தைத்துக்கொண்டுவிட்டார். கயிற்றுத் தையல், சாக்கு தைக்கும் ஊசியால். இது சுங்கச் சாவடிக்கு வரும் வரை எங்கள் இருவருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அங்கே அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்ததும் சாவடியில் இருந்த பெண் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டாள். பின்னால் ஏழு வண்டிகள். நான் என் பல்லால் நூலைக் கடித்தேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நெடுஞ்சாலையில் தன் அப்பாவின் மார்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி ஒரு பேருந்து முழுக்க ஜனங்கள் எங்களைக் கடந்து போனார்கள். அவர்களில் ஒருவராவது என் வருங்காலப் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் இப்போது தேவைப்படாது.

தங்கள் வீட்டு ஜெரேனியத் தொட்டிக்கு அடியில் சாவி இருந்ததைப் பார்த்து அப்பா அடைந்த அதிர்ச்சியைச் சொல்லி முடியாது. தொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "பார்த்தியா உங்க அத்தையை? இருபது வருஷமா பட்டணத்துல இருக்கா, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருக்கா. திறந்த வீடு மாதிரிதானே இது?" என்று சொல்லி அதைத் தன் இடது காலுறைக்குள் போட்டுக்கொண்டார். வலது காலுறை அவசரத்துக்கு என்றார். ஊருக்குத் திரும்பும் வரை காலுறைகளைக் கழற்றவே இல்லை, தூங்கும்போதுகூட. படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மத்தியானம் துறைமுகத்துக்குப் போனோம். கடலைப் பற்றி நான் ஒன்பது புத்தகங்கள் படித்திருக்கிறேன், ஆனால் அது நகரும் என்பதை ஒரு புத்தகமும் சரியாகச் சொல்லவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எவ்வளவு நிலம் வீணாப் போயிருக்கு" என்றார். பிறகு படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து வறுத்த மீனும் கிழங்கும் வாங்கினோம். அப்பா ஒரே ஒரு கிழங்குத் துண்டை எடுத்துக் கடித்தார், நிறுத்தினார், பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இது எந்த ஊர்க் கிழங்கும்மா?"

"பெட்டியில வருதுங்க."

"பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஐடஹோ."

மெயின் மாநிலத்தில், மெயின் கடலுக்கு முன்னால், மெயின் மீனுக்குப் பக்கத்தில் ஐடஹோ கிழங்கு. துக்கச் செய்தி கேட்ட மாதிரி அப்பா எழுந்தார். தங்கள் தெருவில் நிறுத்தியிருந்த டிரக்கு வரை நடந்து போய், ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவள் காலடியில் இறக்கினார். "இதைச் சமையல்காரர்கிட்ட குடு. அவர்மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்லு" என்றார். அந்தப் பெண் மூட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "மீன் எப்படி இருந்துச்சுங்க?" என்றாள். அப்பா தட்டைப் பார்த்தார். தட்டில் மீன் இல்லை. அவர் போன நேரத்தில் பூனை அளவுக்கு ஒரு கடற்பறவை இறங்கி வந்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டு, முழுத் துண்டையும் விழுங்கிவிட்டிருந்தது. நான் கத்தக்கூட இல்லை. எனக்கு ஒரே யோசனைதான். நாங்கள் வந்து ஒரு மணி நேரத்திலேயே நிபந்தனை உடைந்துவிட்டதே. தீர்ப்புக்காக அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "பறவை ஊர்க்காரன் இல்லை" என்றார். அத்தை, அந்த நிமிஷம் அவர் நியாயமான மனிதர் என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை இரண்டு மடங்கு ஆயிற்று.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அங்கே போனபோது கடல் இல்லை. இருந்தது, ஆனால் ஆள் உயரத்துக்கும் கீழே போயிருந்தது. மத்தியானம் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்த படகுகள் கிணற்றில் விழுந்த மாதிரி அடியில் கிடந்தன, தூண்களெல்லாம் பச்சைப் பாசியோடு நின்றன. கடல் ஓதம் ஏறும், இறங்கும் என்று ஒன்றரை வரியில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் ஒன்றரை வரிக்கு இது மிக அதிகம். அப்பா வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் ஓடினார். "யாராவது கவனிச்சீங்களா? தண்ணி குறையுது." மீனவர் தலையைத் தூக்காமல், "கவலைப்படாதீங்க, ராத்திரிக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து வெச்சிடுவாங்க" என்றார். கேலி செய்கிறாரோ, இது மரியாதைக் குறைவில் சேருமோ என்று அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு அப்படி எதுவும் படவில்லை. "எடுத்தாலும் திருப்பி வெச்சிடுறாங்க. அப்ப பரவாயில்லை" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்குப் படுக்கும்போது என் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திருட்டு இல்லை, அவமரியாதை இல்லை, நூலகம் தெருக்கோடியில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளைப் பற்றி இனி எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். ஈவெட் அக்காவுக்கு இந்தச் சமயத்தில் படித்துக் காட்ட வேண்டாம்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் டில்லர் தீவுக்குப் படகு ஏறினோம். அப்பா தோளில் ஒரு மூட்டை கிழங்கு. தீவில் பழைய பீரங்கிக் கோட்டை ஒன்றும் கலங்கரை விளக்கம் ஒன்றும் உண்டு, இரண்டும் எதிரெதிர் மூலைகளில். அப்பாவுக்கோ அறுவடை முடிந்ததிலிருந்து முழங்கால் மடங்குவதில்லை. படகு இறங்கியதும் துறையிலேயே ஒரு பேட்டரி வண்டி நின்றது. கூரை போட்ட சின்ன வண்டி, தீவில் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். அதில் சாவி இருந்தது.

அத்தை, தாங்கள் ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆனாலும் இது மறந்திருக்காது. அறுவடை மாதத்தில் நம் ஊரில் எந்த வண்டியிலிருந்தும் யாரும் சாவியை எடுப்பதில்லை. யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொண்டு போவார், பின்னால் என்ன இருக்கிறதோ அதோடு சேர்த்து. மறுநாள் கழுவி, எண்ணெய் நிரப்பி, எடுத்த இடத்தில் விடுவார். போன வாரம்கூட நம் டிரக்கு இரண்டு நாள் காணாமல் போய், புது வைப்பரோடு திரும்பி வந்தது. ஆகவே அப்பா சாவியைப் பார்த்ததும், "நல்ல ஜனங்க" என்று திருப்தியாகச் சொல்லி ஏறி உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. நானும் ஏறினேன். இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், நானும் ஏறினேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் கையாட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம்.

பின்னால் ஒரு மரப்பெட்டி இருந்தது. கோட்டைக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தால், ஈரக் கடற்பாசிக்கு அடியில் நாற்பது சிங்கி இறால்கள். கொடுக்குகளில் ரப்பர் பட்டை மாட்டி, கைதிகள் மாதிரி. "ஐயோ பாவம், வெயில்ல காயுதுங்க" என்றார் அப்பா. இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அது நீர்வாழ் உயிரினம்பா. செவுள்ல மூச்சு விடும். தண்ணி இல்லாம செத்துடும்" என்றேன். படித்ததைச் சொல்லும் சந்தர்ப்பம் எங்கள் ஊரில் எனக்கு அதிகம் கிடைப்பதில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் பழைய குளியல் தொட்டியும் இருந்தன. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து, தண்ணீரை அப்பா முதலில் தானே குடித்துப் பார்த்து, நிரப்பி, நாற்பதையும் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டோம். முகத்தில் நன்றி தெரிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்பா ஒரு கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி அவற்றுக்குப் போட்டார். பிறகு வண்டிச் சாவியைக் கழற்றிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "புது இடம். யாராவது எடுத்துட்டுப் போயிட்டா அந்த வண்டிக்காரங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?" என்றார்.

ஒன்றரை மணி நேரம் கோட்டையைப் பார்த்தோம். சுவர்கள் ஆறடி கனம். திரும்பி வந்தபோது நாற்பதும் அசையாமல் கிடந்தன. "தூங்குதுங்க போலிருக்கு" என்றார் அப்பா. "ஆமாம்பா, இரவில் நடமாடும் பிராணி. பகல்ல தூங்கும்னு படிச்சிருக்கேன்" என்றேன் நான். அத்தை, இந்த வாக்கியத்தை எழுதும்போது என் காது சுடுகிறது. தூக்கம் கலையாமல் மெதுவாக எடுத்துப் பெட்டியில் அடுக்கி, மேலே என் கம்பளிச் சட்டையைப் போர்த்திக் கொண்டுவந்தோம்.

துறையில் அப்பா வண்டியை எடுத்த இடத்திலேயே சரியாக நிறுத்தி, சாவியைப் பத்திரப்படுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு கேன் பெட்ரோல் வாங்கி வந்தார். திருப்பிக் கொடுக்கும்போது நிரப்பிக் கொடுக்க வேண்டுமே. ஊற்றும் வாயைத் தேடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், அடியில் படுத்தார். வாய் இல்லை. அந்த மனக்குறையைத் தீர்க்கத் தன் ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டையால் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஏறக்குறைய தீவு முழுவதும் மேட்டிலிருந்து இறங்கி வந்தது.

எல்லோருக்கும் முன்னால் ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண். வினிஃப்ரெட் டயர் என்று பெயர், சொந்தப் படகில் சிங்கி பிடிக்கிறார். வண்டியும் பெட்டியும் அவருடையவை. ஐந்து மணிக்குத் தேவாலயத்தில் தீவுக்கே சாப்பாடு, தீயணைப்பு வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்கப் பணம் சேர்ப்பதற்காக. அதற்குத்தான் அந்த நாற்பது.

"வண்டியைத் திருடினதும் இல்லாம அதைத் துடைச்சிக்கிட்டு வேற இருக்கீங்க" என்றார்.

அப்பா திரும்பி யாரைச் சொல்கிறார் என்று பார்த்தார். பின்னால் கடல்தான் இருந்தது. "திருடலைங்க. சாவி இருந்துச்சு" என்றார்.

"என் வீட்டுக் கதவுலயும்தான் சாவி இருக்கு. உள்ள போய்ப் படுத்துக்குவீங்களா?"

படகில் கயிறு கட்டும் ஆல்டன் என்ற கிழவர் குறுக்கே வந்தார். "நான் பார்த்தேன் வின்னி. போறப்ப கையாட்டினாரு. நானும் ஆட்டினேன்."

"திருடனுக்குக் கையாட்டினீங்களா?"

"திருடன் கையாட்டுவானா? அதனாலதான் விட்டேன்."

பிறகு வினிஃப்ரெட் என் கம்பளிச் சட்டையைத் தூக்கினார். ஒன்றை எடுத்தார். அதன் வால் துணி மாதிரி தொங்கியது. இன்னொன்றை எடுத்தார்.

"தண்ணியில போட்டீங்களா?"

"ஆமாங்க" என்றார் அப்பா. "குழாய்த் தண்ணி. சுத்தமா இருந்துச்சு. நானே குடிச்சுப் பார்த்தேன்."

உப்பில்லாத தண்ணீரில் சிங்கி இறால் பிழைக்காது. அது என் ஒன்பது புத்தகங்களில் எதிலும் இல்லை, அல்லது நான் படிக்காமலே நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. நான்தான் சொன்னேன், அப்பா கேட்டார் என்று வினிஃப்ரெட்டிடம் சொன்னேன். அப்பா, "அவ சின்னப் பொண்ணுங்க. கை என்னோடது" என்றார். பிறகு அவர் முகம் எப்படி ஆயிற்றென்றால், நம் தோட்டத்தில் உறைபனி விழுந்த காலையில்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். திருடர்களைப் பார்க்க முந்நூறு மைல் வந்தவர், தானே திருடனாக ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றார். தரையிலிருந்த மூட்டையைத் தோளில் தூக்கினார். "சமையலறை எங்க இருக்கு?" என்றார்.

பெட்டியை வண்டியில் கொண்டுபோகலாம் என்றால் சாவியைக் காணோம். அப்பாவே குப்புறப் படுத்துத் துறைப் பலகைகளுக்கு நடுவிலெல்லாம் தேடினார். தண்ணீரில் விழுந்திருக்கும் என்றார் ஆல்டன். வண்டியை ஆறு பேர் மேட்டின்மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் அப்பாவும் ஒருவர், கிழங்கு மூட்டையைத் தோளைவிட்டு இறக்காமலே.

தேவாலயச் சமையலறையில் ஐந்து மணிவரை உரித்தோம். சோளமும் ரொட்டியும் புளூபெர்ரிப் பழப் பணியாரமும் வேறு வீடுகளிலிருந்து தயாராக வந்திருந்தன, நடுத்தட்டுதான் காலி. வினிஃப்ரெட் கத்தி பிடித்த விதத்தை அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தோலோட சதையும் போகுதுங்க. கிழங்கைக் காயப்படுத்துறீங்க" என்றார்.

"நாற்பது உயிரைக் கொன்னவரு கிழங்குக்குப் பரிஞ்சு பேசுறாரு" என்றார் வினிஃப்ரெட். ஆனால் கத்தியை அப்பா சொன்ன மாதிரி மாற்றிப் பிடித்தார். பிறகு என்னிடம் நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடம், பின்னறை, நிபந்தனை எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க பக்கத்துல திருடங்க இருக்காங்களான்னு பார்க்கத்தான் வந்தீங்க."

"ஆமாங்க."

"இருந்தாங்களா?"

அப்பா ஒரு கிழங்கை முழுவதுமாக உரித்து முடித்தார். "இன்னைக்குக் காலையில வரைக்கும் இல்லீங்க" என்றார்.

வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்கிய கிழங்கை ஐம்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். வெற்றி என்று எழுத ஆசைதான், ஆனால் சிங்கி வரும் என்று நினைத்துக் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தவர்களின் முகத்தை நான் பார்த்தேன். சிங்கி ஓட்டை உடைக்கக் கொண்டுவந்த சுத்தியலால் ஒரு பையன் கிழங்கை உடைக்க முயன்றான். ஆல்டன் மட்டும் மூன்று தடவை வாங்கினார். "கிழங்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் வினிஃப்ரெட், கடைசிப் படகுக்கு எங்களை வழியனுப்பும்போது. "என் சிங்கியும் நல்லாத்தான் இருந்துச்சு." படகில் அப்பா தீவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். "ஊர்மேல தப்பு இல்லைம்மா. நாமதான் இந்த ஊருக்கு லாயக்கில்லை" என்றார். நிபந்தனையில் இப்படி ஒரு பிரிவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் சுழற்சிகளை எண்ணினேன்.

மிகப் பெரிய அதிர்ச்சி திங்கள் காலை. எங்கள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டு வாசலுக்கு இறங்கினால் டிரக்கு இல்லை. பத்து மூட்டை கிழங்கோடு டிரக்கு இல்லை. அப்பா தன் சட்டைப்பைகளைத் தடவினார், கால்சட்டைப்பைகளைத் தடவினார், பிறகு தடவுவதை நிறுத்தினார். பர்ஸைத் தைத்தவர், பெட்டிக்குச் சங்கிலி போட்டவர், சனிக்கிழமையிலிருந்து டிரக்குச் சாவியை டிரக்கிலேயே விட்டு வைத்திருந்தார். அவர் மறக்கவில்லை அத்தை. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படியில் உட்கார்ந்தார். நான் அழ ஆரம்பித்தேன். டிரக்குக்காக அழுதேன் என்று எழுதினால் அது உண்மையாகாது.

அழுகைக்கு நடுவில் நிமிர்ந்தால், டிரக்கு எதிர்ச் சாரியில் நின்றது. ஒழுங்காக ஓரம் கட்டி, கண்ணாடிகளை ஏற்றி. எங்கள் பக்கத்துத் தெரு பளபளவென்று ஈரமாக இருந்தது. ஓட்டும் இருக்கையில் ஒரு காகிதம். நான்தான் வாசித்துக் காட்டினேன். "திங்கள் தெருக்கூட்டும் வண்டி வரும் நாள். விட்டிருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சாவி உள்ளேயே இருந்ததால் நகர்த்திவிட்டேன். மூளை என்று ஒன்று இருந்தால் இனிமேல் சாவியை எடுத்துக்கொண்டு போ. ஒரு மூட்டை கிழங்கு எடுத்துக்கொண்டேன்." கையெழுத்து இல்லை. தங்கள் தெருவில் எழுத்துக்களை இடதுபக்கம் சாய்த்து எழுதுகிறவர் யார் என்று தெரிந்தால் எழுதவும். அப்பா பின்னால் போய் மூட்டைகளைப் பார்த்தார். "சின்ன மூட்டையாப் பார்த்துத்தான் எடுத்திருக்காங்க" என்றார். அந்தக் காகிதத்தை வாங்கி, பிரெஞ்சு பேசி வளர்ந்த அவருக்கு ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராது என்றாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழி ஆறு மணி நேரம். அப்பா வலது காலை அடிக்கடி தேய்த்துக்கொண்டார், கேட்டால் கடல் மணல் உறுத்துகிறது என்றார். நம் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அத்தைக்கு எழுதிடு" என்றார். "என்னன்னு எழுதுறதுப்பா?" என்றேன். "நடந்ததை எழுது" என்று சொல்லிவிட்டுக் கிழங்குக் கிடங்குக்குப் போய்விட்டார்.

நடந்ததை எழுதிவிட்டேன். பறவையைத் தள்ளிவிட்டாலும் ஒரு மூட்டை போயிருக்கிறது, எங்கள் அனுமதி இல்லாமல். மூளை பற்றிய வாக்கியம் மரியாதைக் குறைவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. நிபந்தனையின் இரண்டு பகுதிகளும் தோற்றுவிட்டன. எனக்கு அப்பாமேல் கோபம் இல்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் போனால் அவர் யாரிடம் "தூங்குதுங்க போலிருக்கு" என்று சொல்வார் என்றும் யோசித்துப் பார்த்தேன். பின்னறைக்கு வருகிறவள் புத்தகம் படிக்கிறவளாக இருந்தால் ஜன்னல் பக்கத்து மேஜையை அவளுக்கே கொடுத்துவிடவும்.

ஈவெட் அக்காவுக்குச் சுகப் பிரசவம் ஆகவும், குழந்தைக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் கிடைக்கவும், தங்கள் மூட்டுவலி குளிருக்கு முன்பே குணமாகவும் மாதா அருள் புரியட்டும். நாய் தன் வணக்கத்தைத் தெரிவிக்கிறது.

என்றும் தங்கள் பாசத்துக்குரிய
ஜோசெட் பெல்ட்டியே

பின்குறிப்பு (வியாழன் காலை): உறையை ஒட்டுவதற்கு முன் துணி துவைக்கப் போனேன். அப்பாவின் வலது காலுறை நுனியில் வினிஃப்ரெட் டயரின் வண்டிச் சாவி இருந்தது. இடது காலுறை நுனியில் தங்கள் வீட்டுச் சாவி இருந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பை காப்பியைக் குடித்து முடித்தார். தபாலில் அனுப்பிவிடலாம் என்று சொன்னேன். "தபால்லயா? வழியில எவனாவது எடுத்துடுவான்" என்றார். "சனிக்கிழமை நேர்லயே போய்க் குடுத்துடுறேன். எப்படியும் வண்டி போகுது, உன் பெட்டியையும் கட்டிடு." நிபந்தனை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த மூட்டை டிரக்கை நகர்த்தியதற்குக் கூலி என்றார், திருட்டில் சேராதாம். மூளை இருந்தால் என்று எழுதியிருந்ததே என்றேன். அவர் தொப்பியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்து நீவினார். "உங்க அம்மா என்கிட்ட இப்படித்தான் பேசுவா" என்றார். "வேத்து ஆளோட வண்டியை நகர்த்தி வெச்சிட்டுத் திட்டவும் செய்யுற ஊருல நீ இருக்கலாம்." இப்போது முகம் மழித்துக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, வியாழக்கிழமை. ஆகவே மேலே எழுதியதில் பின்னறை, பள்ளிக்கூடம், மேஜை பற்றிய பகுதிகளைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். ஞாயிறன்று பாஸ்டனிலிருந்து திரும்பும்போது ஜெரேனியத் தொட்டியைத் தூக்க வேண்டாம், அடியில் ஒன்றும் இருக்காது. கதவைத் தட்டவும். நான் திறக்கிறேன்.